குழலில் துளையிட்டால் குறி நிலைக்குமா?

திரைப்படங்கள் சில ஊர்களுக்குப் புதிய முகத்தைப் பூட்டிவிடுகின்றன. 2018-லும் 2022-லும் வெளிவந்த இரண்டு கன்னடப் படங்களுக்குப் பிறகு "கே.ஜி.எஃப்.' என்றாலே நாட்டின் பெரும்பகுதிக்கு நினைவுக்கு வருவது ஓயாமல் சீறும் துப்பாக்கிகள்தான். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்து, நுரையீரலில் தூசியை வாங்கிக் கொண்டு, 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையையும் இழந்து நின்ற கோலார் தங்கவயல் இப்போது துப்பாக்கிச் சண்டைக்குப் பெயர் போன ஊராகிவிட்டது.

அந்தத் திரைத் துப்பாக்கிகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. எத்தனை குண்டுகள் பாய்ந்தாலும் அவை கையை உதைப்பதில்லை. உண்மைத் துப்பாக்கி உதைக்கும். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் குழலின் வாய் மேலே எகிறும். அதை மீண்டும் குறிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த குண்டைச் சுட இயலும். இந்த எகிறலை அடக்குவதற்கென்று ஆயுத உலகம் கண்டுபிடித்த உத்திகளுள் ஒன்றுதான் குழலின் முன்பகுதியில் மேற்புறமாகத் துளைகள் இடுவது. விலைப்பட்டியல்களில் இது பெரும் சிறப்பாகப் பேசப்படுகிறது. இந்தியாவில் சிறு ஆயுத உற்பத்தி தனியாருக்கும் திறந்துவிடப்பட்டு, காவல்துறை நவீனமயமாக்கலுக்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஒதுக்கப்படும் இக்காலத்தில், இத்தகைய வசதிகள் யாருக்குப் பயன்படும், யாருக்குத் தீங்காகும் என்று கேட்க வேண்டிய கடமை மக்களுக்கு உண்டு.

அந்தக் கேள்வியைத் தில்லியின் கண்காட்சி அரங்கில் நின்று கேட்பதைவிடத் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவில் நின்று கேட்பது நல்லது. பாலாற்றின் நீரைத் தேக்கி, சுத்திகரித்து, குழாய்கள் வழியாகச் சுரங்க நகரத்துக்கு அனுப்பிய சிற்றூர் அது. வருவாய் நிர்வாகத்தில் கோலார் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், காவல் நிர்வாகத்தில் தங்கவயல் நெடுங்காலமாகத் தனி மாவட்டம்; அதற்கு உட்பட்டதே பேத்தமங்களா காவல் நிலையம். நாடெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான சாதாரண காவல் நிலையங்களுக்கு அதை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தில்லியில் வகுக்கப்படும் கொள்கை இறுதியில் இத்தகைய நிலையத்தின் உதவி ஆய்வாளர் ஒருவரது இடுப்பு உறையில்தான் வந்து சேருகிறது.

துளையிட்ட குழல் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள பேத்தமங்களாவின் தண்ணீர்க் குழாயே போதும். அழுத்தத்துடன் நீர் பாயும் ரப்பர் குழாய் ஒன்றின் மேற்புறத்தில் ஓட்டை விழுந்தால் நீர் மேல்நோக்கிப் பீச்சியடிக்கும். குழாய் கீழ்நோக்கி அழுந்தும். துப்பாக்கியிலும் நடப்பது இதுவே. தோட்டாவில் உள்ள மருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டை முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. குண்டு துளைகளைக் கடந்ததும் வாயுவின் ஒரு பகுதி அவற்றின் வழியே மேலே சீறுகிறது. அந்தச் சீற்றத்தின் எதிர்விசை குழலின் வாயைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. குழலின் அச்சு, பிடித்திருக்கும் கையைவிட உயரத்தில் இருப்பதால்தான் துப்பாக்கி மணிக்கட்டைச் சுற்றி மேலே எகிறுகிறது. அந்த எகிறலைத் துளைகளின் எதிர்விசை ஓரளவு ஈடுகட்டுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1920-களிலேயே அமெரிக்காவின் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் வாயில் இதே தத்துவத்தில் அமைந்த துணைக்கருவி பொருத்தப்பட்டது. மின்பொறியால் உலோகத்தை அரித்து நுண்ணிய துளையிடும் முறை 1970-களில் அந்நாட்டில் துப்பாக்கிக் குழல்களுக்குப் பயன்படுத்தப்பட்டது. 1990-களில் ஆஸ்திரியாவின் குளோக் நிறுவனம் தனது கைத்துப்பாக்கிகளில் சிலவற்றைக் குழலிலும் மேலுறையிலும் பிளவுகளுடன் "சி' என்ற எழுத்தைச் சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பயன் எவ்வளவு என்பதுதான் கேள்வி. தோராயமான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். நம் காவல்துறையும் ராணுவமும் பயன்படுத்தும் 9 எம்.எம். தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 7.5 கிராம் எடை கொண்டது. நொடிக்கு 350 மீட்டர் அளவு வேகத்தில் வெளியேறுகிறது. அதிலுள்ள மருந்து அரை கிராமுக்கும் குறைவு. ஆனால் அது வாயுவாகி வெளியேறும் வேகம் குண்டைவிட மூன்று மடங்கு. கையை உதைக்கும் மொத்த உந்தத்தில் வாயுவின் பங்கு ஏறத்தாழ ஏழில் ஒன்று. எஞ்சியது குண்டின் பங்கு. குழலில் எத்தனை துளையிட்டாலும் குண்டின் பங்கை அவை தொட முடியாது. வாயுவின் பங்கிலும் துளை வழியே திரும்பும் பகுதி மட்டுமே உதவும். ஆகவே பின்னோக்கிய உதை சற்றே குறையும். வாய் எகிறுவது அதைவிடத் தெளிவாகக் குறையும். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது விற்பனையாளரின் சாமர்த்தியம்.

மருந்து மிகுதியாக இடப்படும் .357 மேக்னம் போன்ற தோட்டாக்களில் வாயுவின் பங்கு நாலில் ஒன்று வரை செல்லும். அங்கே துளைகள் கணிசமாக உதவும். மாறாக, நம் நாட்டில் உரிமம் பெற்ற குடிமக்கள் வைத்திருக்கும் .32 சுழல் துப்பாக்கியின் வலுவற்ற தோட்டாவில் அது பத்தில் ஒன்றுதான். 2014-இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களின் பாதுகாப்புக்கென்று "நிர்பீக்' என்ற சுழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை. எடை சுமார் 500 கிராம். கைப்பையில் வைத்துக்கொள்ள எடை குறைவாயிருப்பது வசதி. ஆனால் எடை குறையக் குறைய அதே தோட்டா கையைக் கூடுதலாக உதைக்கும் என்பது இயற்பியலின் விதி. அத்தகைய ஆயுதத்தில் துளையிட்டாலும் பெரும் பலன் கிடைக்காது.

துளையிடுவதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. தங்கவயல் சுரங்கத் தொழிலாளி இதை நன்கு அறிவார். பாறையில் துளையிட்டு, வெடிமருந்தைச் செலுத்தி, துளையின் வாயைக் களிமண்ணால் இறுக அடைத்த பிறகே வெடிக்கச் செய்வார்கள். அடைப்பு தளர்வாக இருந்தால் வாயு வாய் வழியே வெளியேறிவிடும், பாறை பிளக்காது. அடைபட்ட வாயுதான் வேலை செய்யும். குண்டு குழலை விட்டு நீங்குமுன்பே வாயுவுக்கு வழிவிட்டால் அது செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதி குறையும். குண்டின் வேகம் சிறிதளவு குறைவது இதனால்தான். துளைகள் எங்கே, எவ்வளவு பெரியவை என்பதைப் பொருத்து இழப்பு மாறும். பெரும்பாலும் இது பொருட்படுத்தத்தக்க அளவில் இருப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பொருட்படுத்த வேண்டியவை வேறு. முதலாவது, ஓசை. சாதாரண 9 எம்.எம். கைத்துப்பாக்கியின் வெடியோசையே 160 டெசிபலை நெருங்கும். 140 டெசிபலைத் தாண்டும் திடீர் ஓசை செவியைக் கெடுக்கும். துளை வழியே மேலே சீறும் வாயு, சுடுபவரின் முகத்துக்கு அருகே அந்த ஓசையை இன்னும் மிகுதியாக்கும். இரண்டாவது, ஒளி. இருட்டில் சுடும்போது கண் முன்னே மேல்நோக்கி எழும் தீப்பிழம்பு ஒரு கணம் பார்வையை மழுக்கக்கூடும். மின்வெட்டு வழக்கமான ஊர்களில் இரவுப் பணியாற்றும் காவலருக்கு அந்த ஒரு கணம் பெரிது. மூன்றாவது, நெருக்கம். துப்பாக்கியைப் பறிக்க ஒருவன் பாயும்போது கையை நீட்டிக் குறிபார்க்க இடமிராது. விலாவோடு அணைத்துத்தான் சுட நேரும். அப்போது துளைகளிலிருந்து சீறும் சுடுவாயுவும் எரியாத மருந்துத் துகள்களும் சுடுபவரின் முகத்தை நோக்கியே எழும். காவலர் ஆயுதத்தைப் பயன்படுத்தும் சூழல்களில் இத்தகைய கைகலப்பு அரிதானதன்று.

பராமரிப்பும் கவலைக்குரியது. துளைகளைச் சுற்றிக் கரி படியும். மேலுறை இல்லாத ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தினால் துளை விளிம்புகள் அவற்றைச் செதுக்கும். புழுதியும் மழையும் உள்ளே புக இன்னும் சில வழிகள் திறந்திருக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் மேல்பகுதி தானாகப் பின்நகர்ந்து அடுத்த தோட்டாவை ஏற்றும் கைத்துப்பாக்கியில், வலுக்குறைந்த தோட்டாவும் துளையிட்ட குழலும் சேர்ந்தால் அந்த நகர்வு முழுமையடையாமல் சிக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. சுடுதளத்தில் சிக்கினால் ஒரு சுற்று வீண். வீதியில் சிக்கினால் ஓர் உயிர் வீணாகலாம்.

இந்த உத்தியைப் பற்றி மிகக் கூர்மையான தீர்ப்பை வழங்கியிருப்பது விளையாட்டு உலகம். ஒலிம்பிக்கின் 25 மீட்டர் அதிவேகப் பிஸ்டல் போட்டியில் ஐந்து இலக்குகளை நோக்கி ஐந்து குண்டுகளை முதலில் 8 நொடியிலும், பிறகு 6 நொடியிலும், இறுதியில் 4 நொடியிலும் ஒற்றைக் கையால் சுட வேண்டும். குழலின் வாய் எகிறாமல் இருப்பது இங்கே பெரும் நன்மை. அதனால் பல்லாண்டுகளாக வீரர்கள் வலுக்குறைந்த .22 ஷார்ட் தோட்டாவையும் துளைகள் இட்ட குழலையும் பயன்படுத்தி வந்தனர். உதைப்பு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. மதிப்பெண்கள் முழுமையை எட்டும் அளவுக்கு உயர்ந்தன. ஆயுதம் வென்றதா, வீரர் வென்றாரா என்ற ஐயம் எழுவது இயல்பே.

2005 முதல் சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு விதியை மாற்றியது. .22 லாங் ரைஃபிள் தோட்டாவும் சாதாரண வகைப் பிஸ்டலும் கட்டாயமாயின. பழைய துப்பாக்கிகள் பெட்டிக்குள் சென்றன. மதிப்பெண்கள் சரிந்தன, ஆனால் திறமை மறைந்துவிடவில்லை. பழைய விதியில் 1992, 1996, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமன், புதிய விதியில் நடந்த 2008 பெய்ஜிங் போட்டியில் வெள்ளி வென்றார். 2012 லண்டனில் இதே போட்டியில் இந்திய ராணுவத்தின் விஜய் குமார் வெள்ளி வென்றார். இமாசலப் பிரதேசத்தில் பிறந்து, படையில் சேர்ந்த பிறகே இத்துறைக்கு வந்து, மாவ் நகரில் உள்ள ராணுவக் குறிசுடும் பயிற்சிப் பிரிவில் வளர்ந்தவர் அவர். துளைகளின் துணையில்லாமல் அவர் கையை நிலைநிறுத்தியது ஆயிரமாயிரம் முறை சுட்டுப் பழகிய பயிற்சி. ஓடிச்சென்று சுடும் செயல்முறைத் துப்பாக்கிப் போட்டிகளிலோ துளையிட்ட குழலுக்கு அனுமதி உண்டு. ஆனால் அதற்கெனத் தனிப் பிரிவே வகுத்திருக்கிறார்கள். மற்றவர்களோடு சமமாக நிறுத்துவதில்லை. அது உண்மையிலேயே உதவுகிறது என்பதற்கும், எங்கே உதவுகிறது என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது உதவுவது இரண்டாவது, மூன்றாவது குண்டுகளை விரைந்து சுடுவதற்கு.

காவல் நிலையத்துக்கு வேண்டியது அதுவா என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி. விளையாட்டு வீரருக்கு எதிரே அட்டை இலக்கு. பேத்தமங்களா உதவி ஆய்வாளருக்கு எதிரே பேருந்து நிறுத்தமும் கடைவீதியும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும். அவர் சுடும் ஒவ்வொரு குண்டும் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அவரே பொறுப்பு. தேவைக்கு மிஞ்சிய பலத்தைக் காவல்துறை பயன்படுத்தலாகாது என்பது நமது சட்டத்தின் ஆதாரக் கொள்கை. 1990-இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆயுதப் பயன்பாட்டு நெறிகளும் இதையே கூறுகின்றன. உரிய பயிற்சியை முடித்தவர்களிடம் மட்டுமே ஆயுதம் தரப்பட வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றன. இந்த நெறிகளின்படி காவலருக்குத் தேவைப்படுவது சுடுவதா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் நிதானம். சுட்டே ஆக வேண்டுமெனில் முதல் குண்டு தவறாமை. இவ்விரண்டையும் எந்தத் துளையும் தருவதில்லை. முதல் குண்டு வெளியேறும் வரை துளையிட்ட குழலுக்கும் துளையிடாத குழலுக்கும் குறியில் வேறுபாடே கிடையாது.

மனித உரிமை நோக்கில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. "என்கவுன்ட்டர்' சாவுகளைப் பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின்படி, சம்பந்தப்பட்ட காவலர்கள் தங்கள் ஆயுதங்களைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். இறந்தவர் எவ்வளவு தொலைவிலிருந்து சுடப்பட்டார் என்பதே இத்தகைய வழக்குகளில் பல நேரங்களில் உண்மையைப் பொய்யிலிருந்து பிரிக்கும் கோடு. உடலிலும் உடையிலும் படிந்த கரியும் மருந்துத் துகள்களும் பரவியுள்ள விதத்தைக் கொண்டே அந்தத் தொலைவு மதிப்பிடப்படுகிறது. துளையிட்ட குழலில் வாயுவும் துகள்களும் ஒரு பகுதி மேலே போய்விடுவதால் இந்தப் பரவல் மாறும். அதே துப்பாக்கியையும் அதே வகைத் தோட்டாவையும் கொண்டு சோதனை செய்து ஒப்பிட்டால் உண்மை புலப்படும். வேலைப்பளுவில் திணறும் மாநிலத் தடயவியல் கூடங்கள் இதைத் தவறாமல் செய்யுமா? புதிய வகை ஆயுதம் காவலரின் கைக்கு வருமுன் அதன் ஒப்பீட்டுத் தரவுகள் ஆய்வுக்கூடத்தின் கைக்கு வந்துவிட வேண்டாமா?

சட்டம், ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆனால் நவீனமயமாக்கலுக்கான நிதியில் தில்லியின் கை ஓங்கியிருக்கிறது. 2017-இல் மத்திய அமைச்சரவை மூன்றாண்டுகளுக்கு 25,060 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் தொடர்ச்சியாக 2025-26 வரையிலான காலத்துக்கு 26,275 கோடி ரூபாய் திட்டம் 2022-இல் ஏற்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்பு முதல் தடயவியல் வரை பலவும் இதில் அடக்கம். பணம் ஒதுக்கும்போது வாங்கிய பொருள்களின் எண்ணிக்கையைக் கேட்பது எளிது. சுட்டுப் பழகிய தோட்டாக்களின் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி வாங்கினால் திறப்பு விழாவும் புகைப்படமும் உண்டு. பயிற்சித் தோட்டாவோ சுட்டதும் வெறும் கூடாகிவிடும். அதற்கு விழா எடுப்பார் இல்லை.

இதன் விளைவை நாடு ஒருமுறை கண்டது. 2008 மும்பைத் தாக்குதலில் காவல்துறையின் செயல்பாட்டை ஆராய்ந்த ராம் பிரதான் குழு, அதிவிரைவு நடவடிக்கைக் குழுவினர்கூடத் தோட்டாப் பற்றாக்குறையால் சுடும் பயிற்சியின்றி இருந்ததைச் சுட்டிக்காட்டியது. பெருநகரத்தின் சிறப்புப் பிரிவுக்கே அந்த நிலை என்றால் சிற்றூர்க் காவல் நிலையங்களின் நிலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பின்னுதைப்பு என்பது பெருமளவுக்கு மனத்தின் சிக்கலும்கூட. எப்போதாவது ஒருமுறை சுடுபவர், உதைக்கப் போகிறது என்ற அச்சத்திலேயே விசையை அழுத்தும் கணத்தில் கையை இழுத்துவிடுகிறார். குண்டு தரையில் பாய்கிறது. துப்பாக்கி உதைத்தது அதற்குப் பிறகுதான். இந்த அச்சத்தைப் போக்கத் தொடர்ந்த பயிற்சியும் செவிக்காப்பும் நல்ல ஆசிரியரும் வேண்டும். மேலே சீறும் துளைகள் ஓசையையும் ஒளியையும் கூட்டி, புதியவரின் அச்சத்தை வளர்க்கவே செய்யும்.

சிறிய கைகளை உடைய பெண் காவலர்களுக்கும் உடல் வலு குறைந்தவர்களுக்கும் இந்த வசதி உதவாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்கு முதலில் உதவுவது கைக்குப் பொருந்தும் பிடி, அடுத்து, போதிய எடையுள்ள துப்பாக்கி, மூன்றாவது, பழக்கம். ஆண்களின் கையளவுக்கு வார்க்கப்பட்ட பிடியைக் கொடுத்துவிட்டு, குழலில் துளையிட்டு ஈடுசெய்ய நினைப்பது காலணி கடித்தால் சாலையைச் செப்பனிடுவதைப் போன்றது. பிணைக்கைதிகளை மீட்கும் அதிரடிப் படைகளின் தேவை வேறு. செவிக்காப்பும் கண்காப்பும் அணிந்து நாள்தோறும் சுட்டுப் பழகும் அவர்களுக்கு ஓரிரு நொடிப் பின்னங்கள்கூட முக்கியம். அவர்கள் சோதித்துப் பார்த்துத் தேர்ந்துகொள்ளட்டும். அவர்களுக்கு ஏற்றது எல்லா நிலையங்களுக்கும் ஏற்றது என்று முடிவு கட்டுவதுதான் தவறு.

மத்திய உள்துறை அமைச்சகமும் மாநில அரசுகளும் செய்ய வேண்டியது கடினமானதன்று. எந்தப் புதிய கைத்துப்பாக்கியையும் நம் நாட்டுத் தோட்டாவுடனும், புழுதியிலும் மழையிலும் இருளிலும், உடலோடு அணைத்த நிலையிலும் சோதித்த பிறகே வாங்க வேண்டும். சோதனையில் சாதாரண நிலையக் காவலர்களும் இடம்பெற வேண்டும். ஆயுதம் ஏந்தும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் தகுதித் தேர்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். எத்தனை பேர் தேர்வு எழுதினர், எத்தனை பேர் தேறினர், பயிற்சிக்கு எத்தனை தோட்டாக்கள் செலவாயின என்ற விவரங்கள் ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கப்பட வேண்டும். துப்பாக்கி வாங்க ஒதுக்கும் தொகையோடு பயிற்சிக்கான தொகையும் சேர்த்தே ஒதுக்கப்பட வேண்டும்.

தங்கவயலின் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கத்துக்குள் இறங்கியபோது அவர்களைக் காத்தது கருவி மட்டுமன்று. பாறை முறியும் ஓசையைக் கேட்டறியும் செவியும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று அறிந்த அனுபவமும் அவர்களுக்குத் துணை நின்றன. துப்பாக்கி ஏந்திய காவலருக்கும் அந்தப் பக்குவமே துணை. அதைக் குழலில் துளையிட்டுப் பெற முடியாது. தில்லி அடுத்த முறை ஆயுதப் பட்டியலில் கையெழுத்திடும்போது, பேத்தமங்களாவின் உதவி ஆய்வாளர் கடைசியாகச் சுட்டுப் பழகியது எப்போது என்று ஒருமுறை கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத வரை வாங்கும் எந்தத் துப்பாக்கியும் குறி தவறியதாகவே இருக்கும்.